மச்சான் பிடித்த கயிறு

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்து அங்கன்வாடி எதிலாவது 'தேன் அத்தை' என்ற ஒல்லியான புத்தகத்தைப் பார்த்தீர்களானால், உள்ளே நீல மையால் ஒரு சொல்லை அடித்து, மேலே வேறொரு சொல் எழுதியிருக்கும். ஒரு புத்தகத்தில் முப்பத்தாறு இடம். முந்நூறு பிரதியிலும் அப்படித்தான். அந்தக் கையெழுத்து என்னுடையது. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. தப்பைச் செய்தவளும் நான்தான்.

என் பெயர் மாலா. தாலுகா ஆபீஸ் பக்கம் இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதிக்கொண்டு வருகிறவர்கள் எழுதியதை அப்படியே அடிக்க எனக்குக் கை வராது. ஒருமுறை குருவிகுளத்திலிருந்து ஒருவர் 'என் மாட்டைக் காணும்' என்று எழுதிக்கொண்டு வந்தார். நம் பக்கம் காணும் என்றால் காணவில்லை என்று அர்த்தம். வாசிக்கிற அதிகாரி வேறு ஊர்க்காரராக இருந்தால், மாடுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, பிறகென்ன மனு என்று கேட்டுவிடுவார். திருத்தி அடித்துக் கொடுத்தேன். மாடும் கிடைத்தது. மாடு கிடைத்ததற்கும் உன் திருத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் சொல்வதை நான் என்றைக்குக் கேட்டேன். அன்றிலிருந்து கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ரேஷன் கார்டு விண்ணப்பம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் திருத்தினேன். யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

பொன்செல்வி எங்கள் தெருவுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள பளியர் பழங்குடிக் குடியிருப்பில் பிறந்தவள். அவள் வீட்டுக்காரர் பேச்சிராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வந்த புதிதில் எங்கள் தெருப் பெண்கள் அவளைப் பொருட்காட்சிக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். ரேஷன் அரிசி என்றாள் இவள். காடு எவ்வளவு அழகாக இருக்கும் என்று இன்னொருத்தி பெருமூச்சு விட்டாள். அட்டைக்கடிக்கு நடுவில் அழகு எங்கே தெரியும், எனக்கு மிக்ஸியும் ஃபேனும் போதும் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

எட்டு வயதில் அவளுக்கு அப்பா போய்விட்டார். அம்மா பேச்சித்தாய் அவளைக் கொண்டுபோய் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். மூன்று தடவை அங்கிருந்து ஓடி வந்திருக்கிறாள். மூன்று தடவையும் பேச்சித்தாய் ஒரு வார்த்தை திட்டாமல், சோறு போட்டு, தலை சீவிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் மறுபடி விட்டுவிட்டு வந்தாராம். சீமாற்றுப் புல் அறுப்பதும் நன்னாரி தோண்டுவதும் மிளகாய் பறிக்கப் போவதுமாக அந்த ஒற்றைப் பெண்பிள்ளையைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். எங்க அம்மா என்மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை என்று பொன்செல்வி அடிக்கடி சொல்வாள். அதைச் சொல்லும்போது ஏன் முகம் சுருங்குகிறது என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது அவள் எங்கள் வார்டு அங்கன்வாடியில் டீச்சர். முப்பது பிள்ளைகள். அந்தக் கட்டடத்துச் சுவரில் வருடா வருடம் குளவி கூடு கட்டும். முன்பெல்லாம் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடும். இவள் வந்தபிறகு குளவி பறந்தால் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து, வாங்க அத்தை என்கின்றன. ஒரு பிள்ளையின் தாய் சண்டைக்கே வந்துவிட்டாள். ஊரிலிருந்து வந்த நாத்தனாரைப் பார்த்து, இந்த அத்தைக்குக் கொடுக்கு எங்கே என்று பிள்ளை கேட்டுவிட்டதாம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இதென்னட்டி அத்தை என்று அவளிடம் கேட்டேன். அவர்கள் குடியிருப்பில் தேனீயைப் பற்றிச் சொல்கிற கதை அது, இவள் குளவிக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆதியில் ஒரே ஒரு பளியனும் அவன் தங்கையும் இருந்தார்கள். தங்கையைக் கட்டிக்கொள்ள மலையில் மனிதர் யாரும் இல்லை. அப்போது பெரிய பாறை வந்து பெண் கேட்டது. அண்ணன் கொடுத்தான். பாறையோடு குடித்தனம் நடத்தப் போன தங்கை தேனீயாகிவிட்டாள். அதனால் தேனீ பளியர் பிள்ளைகளுக்கு அத்தை, பாறை மாமா. தேன் எடுக்கப் போவது தங்கச்சி வீட்டுக்குப் போகிற மாதிரி. அவள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், அவள் பிள்ளைகளுக்கு ஓர் அடையை விட்டுவிட்டு வர வேண்டும். அத்தை கொட்டினால் அழக்கூடாது, உரிமையில் கொட்டுகிறாள். நன்றாக இருக்கிறது என்றேன். தேனீ அத்தை என்பது மட்டும் மனதில் நின்றது. பிள்ளைகளுக்குப் பாறை மாமா என்றால், அவர்கள் அப்பாவுக்கு அது என்ன முறை என்று ஒரு படி தள்ளி யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

இந்த வருடம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுவாரம், கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிற ஒரு சின்ன அமைப்பு, அங்கன்வாடி டீச்சர்களிடம் அவரவர் சிறுபிராயத்தைக் கதையாக எழுதித் தரச் சொல்லியிருந்தது. இவள் எழுதியது தேர்வாகிவிட்டது. அடித்துக் கொடுத்தால் சிவகாசியில் அச்சடித்துவிடுவார்கள். வாழ்த்துச் சொன்னேன். அவள் நோட்டைக் கொடுக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சொன்னாள். அவளுடைய அப்பா தேன் எடுக்கக் கயிற்றில் இறங்கியபோது விழுந்து இறந்தவர். மேலே கயிறு பிடித்திருந்தவர் அவள் அம்மாவின் அண்ணன் நல்லக்கண்ணு. கயிறு கையைச் சுட்டதும் வலி பொறுக்காமல் விட்டுவிட்டான் என்று குடியிருப்பே சொன்னது. அவர் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைக்குக் கீழே இறங்கியவர்தான், இருபத்தைந்து வருடமாக வாசுதேவநல்லூர் பக்கம் ஓர் எலுமிச்சைத் தோப்பில் காவல்காரராக இருக்கிறார். குடியிருப்புக்குப் போனதில்லை. பொன்செல்வி கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட ஆளில்லை. பேச்சித்தாய் அண்ணன் பேரைக்கூட வாயால் சொல்வதில்லை.

"இத எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும் அக்கா. அவங்க மாமாவ மறுபடி சேத்துக்கிடணும். இல்லன்னா என்னைய வெறுத்துருவாங்க. ரெண்டுல ஒண்ணு நடக்கும்" என்றாள்.

உன்னை ஏன் வெறுக்கணும் என்று கேட்டேன். எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது தெரியும் என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அதுதான் வெட்கக்கேடு. டைப் அடிக்கிறவளுக்கு விரல்தான் வாசிக்கும், மனசு வேறு எங்கோ இருக்கும். அன்றைக்குக் கடையில் சாதிச் சான்றிதழ்க் கூட்டம், ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது, நடுவில் நான் இந்த நோட்டை அடித்தேன். அடித்து முடித்தபோது ஒரே ஒரு சொல் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மச்சான். பக்கத்துக்கு இரண்டு மச்சான். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பயல்கள் ஒருத்தனை ஒருத்தன் கூப்பிடுகிற சொல், சினிமாப் பாட்டில் இடுப்பை ஆட்டிக்கொண்டு பாடுகிற சொல், மூன்று வயதுப் பிள்ளைகள் புத்தகத்தில் எதற்கு என்று நினைத்தேன். மலையில் வளர்ந்த பெண், நாசூக்குத் தெரியாமல் எழுதிவிட்டாள் என்றும் நினைத்தேன். இதை இப்போது எழுதக் கூசுகிறது, ஆனாலும் நினைத்தது உண்மை. கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தேடி ஒரேயடியாக எல்லா இடத்திலும் மாற்றலாம். கடைசிப் புள்ளியை விட்டுவிட்டுத் தேடச் சொன்னால் மச்சானை, மச்சானுக்கு எல்லாமே மாட்டிக்கொள்ளும். அந்தச் சூட்சுமம் எனக்கு அத்துபடி. முப்பத்தாறு மச்சானையும் ஒரு தட்டில் அண்ணனாக்கினேன்.

பொன்செல்விக்கு அன்றைக்குத் தென்காசியில் பயிற்சி. அச்சகத்தில் சாயங்காலத்துக்குள் ஃபைல் வேண்டும் என்றார்கள். போனில் கேட்டேன். நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும் அக்கா என்றாள். அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் புத்தகக் கட்டு வந்தது. கட்டைப் பிரித்து மேலே இருந்த பிரதியை எடுத்த பொன்செல்வி, அதை அங்கே வாசிக்கவில்லை. அம்மாவிடம் போவதற்கு முன்னால் மாமாவிடம் போய் வாசித்துக் காட்டிவிட வேண்டும், இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தவர் அவர், அவரிடம் சொல்லாமல் செய்யக்கூடாது என்றாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வாங்க என்று கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. புளியங்குடி போய், அங்கிருந்து ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்து வாசுதேவநல்லூரில் இறங்கினோம். என்னுடைய புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போகிற மாதிரி நான் பட்டுப்புடவை வேறு கட்டியிருந்தேன்.

நல்லக்கண்ணு தோப்பு மோட்டார் ரூம் வாசலில் எலுமிச்சங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். வலது உள்ளங்கையில் குறுக்கே தடித்த தழும்பு, அந்தக் கை விரல்கள் முழுசாக மடங்கவில்லை. பொன்செல்வியைக் கண்டதும் எழுந்து துண்டால் சாக்கைத் தட்டி விரித்தார். அவள் கல்யாணமாகிச் சங்கரன்கோவில் வந்ததிலிருந்து மாதம் ஒரு முறையாவது அவரைப் பார்த்துவிட்டு வருவது அம்மாவுக்குத் தெரியாது. நான் யார் என்று சொன்னாள். புத்தகத்தைக் காட்டினாள். அட்டையில் அவள் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். ஆதியில் ஒரு பளியன், அவனுக்கு ஒரு தங்கை. மூன்றாவது பக்கத்தில், 'தங்கையை அண்ணன் பாறைக்குக் கட்டிக் கொடுத்தார்கள்' என்று வாசித்துவிட்டு நின்றாள். பக்கத்தைப் புரட்டினாள். 'அன்றுமுதல் பாறை நமக்கு அண்ணன்.' மறுபடி நின்றாள். நல்லக்கண்ணு கையிலிருந்த எலுமிச்சங்காயைக் கீழே வைத்தார்.

"யாரு தாயி? கூடப் பொறந்தவனுக்கா கட்டிக் குடுத்தாவ?"

கேட்டுவிட்டு, துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பொன்செல்வி சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது. அப்பாவுக்குப் பாறை மச்சான். அதை அண்ணனாக்கி, தங்கையை அவனுக்கே கட்டிவைத்து, முந்நூறு பிரதி அச்சடித்துச் சின்னப்பிள்ளைகள் கையில் கொடுக்க இருந்தேன். நாசூக்குப் பார்த்தவள் நான். நான்தான் மாற்றினேன் என்று ஒப்புக்கொண்டேன், ஏன் என்றும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மச்சான் இல்லேன்னா இதுல ஒண்ணுமே இல்லையே அக்கா என்று மட்டும் சொன்னாள்.

எனக்குப் புரிய வைத்தவர் நல்லக்கண்ணுதான். பொறுமையாகச் சொன்னார். மலையில் தேனுக்கு இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டுவார்கள். மேலே மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை ஒருவன் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நுனியை அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது. கூட்டாளி பிடிக்கக்கூடாது. பெண்டாட்டியின் அண்ணன்தான் பிடிக்க வேண்டும். கயிற்றை விட்டால் தாலி அறுப்பது தன் தங்கை என்று அவனுக்குத்தான் தெரியும், அதனால் செத்தாலும் விடமாட்டான்.

சொல்லி முடித்ததும் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மிச்சத்தை வாசி என்றார். பொன்செல்வி நோட்டிலிருந்ததை மனப்பாடமாகவே வைத்திருந்தாள். என் அண்ணனைத் தள்ளிவிட்டு, எழுதியபடியே சொன்னாள். 'மேலே ஒரு மச்சான் கயிறு பிடிப்பார். எதிரே ஒரு மச்சான் பாறையாக நிற்பார். நடுவில் அப்பா தொங்குவார். இரண்டு மச்சானும் அப்பாவை விடமாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரு தங்கச்சி இருக்கிறாள்.'

அதற்கப்புறம் வருவது அன்றைக்கு நடந்தது. நான் என் விரலால் அடித்து, மனதால் வாசிக்காமல் விட்டது. அன்று பிடிவாதம் பிடித்துக் கூடப்போன எட்டு வயதுப் பிள்ளையை மரத்தடியில் அசையாமல் உட்காரச் சொல்லியிருந்தார்கள். தேனீயை விரட்ட மூட்டிய புகை திசைமாறி மேலே வந்தது. அத்தைமார் எழும்பினார்கள். பிள்ளை உட்காரவில்லை. அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டு பாறை விளிம்புக்கு ஓடியது. கீழே தொங்கிக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார். 'மச்சான், பிள்ளையைப் பிடி' என்றார். மச்சான் இடது கையால் பிள்ளையின் பாவாடையைப் பிடித்தார். வலது கையால் கயிற்றைப் பிடித்தார். ஒற்றைக் கையில் கயிறு நிற்கவில்லை. கையைத் தின்றுகொண்டு ஓடியது.

நான் அவர் கையைப் பார்த்தேன். அவர் அதைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

நீ சின்னப்பிள்ளை, உனக்கு ஞாபகமே இருக்காது என்று நினைத்தேன் என்றார் அவர். எல்லாம் ஞாபகம் இருக்கிறது, உங்கள் சட்டையில் இருந்த புகை வாடைகூட ஞாபகம் இருக்கிறது, சொல்லத் தைரியம் இல்லாமல் இத்தனை வருடம் உங்கள் தலையில் விட்டுவிட்டேன் என்றாள் அவள். சொல்லும்போது அழவில்லை. நான்தான் பட்டுப்புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நல்லக்கண்ணு புத்தகத்தைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்த அம்மா அடிச்சதே நல்லதாப் போச்சு. ஒங்கப்பனுக்கு அண்ணன் கெடையாது. அப்போ கயிறு பிடிச்சது யாருமில்லன்னு ஆகிப்போகும். இப்படியே விட்டுரு தாயி. ஒங்கம்மைக்குத் தெரியாண்டாம்."

"யாருமில்லன்னா நான் எப்படி மாமா உசுரோட இருக்கேன்?"

அவர் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். அவள் விடவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், தினமும் முப்பது பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார்கள், இதெல்லாம் நீங்கள் பிடித்ததனால் வந்தது, நான் ஒருநாள்கூட உங்களுக்கு நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், அம்மா என்னை வெறுத்தாலும் சரி என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வேண்டாம், வேண்டாம் என்பதுதான் அந்த ஆட்டல்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல் வந்த கோபம்தான், அவர்மேல் பாய்ந்துவிட்டது. "அண்ணாச்சி, நான் செஞ்ச தப்புக்குள்ள நீங்க ஒளிஞ்சிக்கிடப் பாக்கீய. அது நடக்காது" என்றேன். புத்தகத்தைப் பிடுங்கி, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தேன். முதல் அண்ணனை அடித்து மேலே மச்சான் என்று எழுதினேன். பொன்செல்வி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு என்று காட்டினாள். முப்பத்தாறாவது முடிகிறபோது அவர் வரப்பில் இறங்கித் தண்ணீர் திருப்பிவிடப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து குடியிருப்பு ஆட்டோவில் இருபது நிமிடம். பேச்சித்தாய் வீட்டு வாசலில் சீமாற்றுக் கட்டுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, கறுப்புக் கண்ணாடி வளையல். மகளைப் பார்த்து, என்ன திடீரென்று, பிள்ளைகளுக்கு மேலுக்கு ஏதாவது சரியில்லையா என்று பதறினார். அதெல்லாம் இல்லை, ஒரு கதை எழுதியிருக்கிறேன், கேளுங்கள் என்றாள் பொன்செல்வி. வேலை செய்துகொண்டே கேட்கிறேன் என்றார் அவர்.

மச்சான் பாறை வந்தது. பேச்சித்தாய் சிரித்துக்கொண்டார். மேலே ஒரு மச்சான், எதிரே ஒரு மச்சான் வந்தது. கட்டுகிற கை நின்றது. சீமாற்றுக் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பொன்செல்வி ஒரு சொல்லை விடாமல் வாசித்தாள். பிள்ளை ஓடியதை வாசித்தாள். அப்பா கூப்பிட்டதை வாசித்தாள். கயிறு ஓடியதை வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அம்மா முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"ஒங்கப்பா பேசுனாரே, அந்த எடத்த இன்னொரு மட்டம் வாசி" என்றார் பேச்சித்தாய்.

அவள் வாசித்தாள். மச்சான், பிள்ளையைப் பிடி.

இன்னொரு தடவை கேட்டார். மறுபடி வாசித்தாள். மூன்றாவது தடவை அவருடைய உதடும் கூடவே அசைந்தது.

உன் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார் என்றுதான் இருபத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, அவர் துடைக்கவில்லை. கடைசி நேரத்தில் என்ன நினைத்தாரோ, யாரைத் தேடினாரோ என்று புலம்பாத நாளில்லை என்றார். பொன்செல்வி குனிந்த தலை நிமிராமல், நான் உட்காராமல் ஓடினேன் அம்மா, நான் ஓடியதால்தான் அப்பா போனார் என்றாள்.

"எட்டு வயசுப் பிள்ளை அப்பனப் பாத்து ஓடாம வேற எங்க ஓடும்?" என்றார் பேச்சித்தாய். மகளின் தாடையைப் பிடித்துத் தூக்கி, முகத்தைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தார். ஓடி வந்த மூன்று தடவையும் திட்டாத அந்தத் தாய், நாலாவது தடவையும் திட்டவில்லை. இத்தனை வருடம் இதை மனதில் வைத்துக்கொண்டா சோறு தின்றாய் என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து, கொண்டையை முடிந்து, கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். வந்த ஆட்டோ போய்விட்டதா என்று என்னிடம் கேட்டார். நிற்கிறது என்றேன்.

தோப்பில் நல்லக்கண்ணு வரப்பில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வருகிறது யார் என்று தெரிந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, அடி வாங்குகிற ஆள் நிற்பதுபோலக் கையைத் தொங்கவிட்டு நின்றார். பேச்சித்தாய் ஓடைத் தண்ணீருக்குள் இறங்கி, புடவை நனைய நடந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"எங்கிட்ட சொல்லிருந்தா எம் பிள்ளைய நானே வெறுத்துருவேன்னு நெனச்சியா?"

"ஒனக்காண்டி இல்ல" என்றார் அவர். "ஒங்கிட்ட சொன்னா அவளுக்கும் தெரிஞ்சுபோகும். எட்டு வயசுப் பிள்ளை அத எப்படித் தாங்கும்?"

பேச்சித்தாய் அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினார். தழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டைவிரலால் தடவினார். சாகப்போகிற மனுசன் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதை நீ செய்துவிட்டாய், அவளை என் கையில் கொண்டுவந்து கொடுத்தாய் என்றார்.

"நாந்தாண்ணே ஒனக்கு ஒரு வாய் சோறு போடல. வீட்டுக்கு வாண்ணே" என்றார்.

நல்லக்கண்ணு குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, கடைசி மரத்துக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை, இப்போது வர முடியாது என்றார். போகட்டும், அதுவரைக்கும் இருக்கேன் என்று சொல்லிவிட்டு, பேச்சித்தாய் ஈர வரப்பில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.